404 வந்ததும் மேப்பிங்கை மாற்றாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். "சர்வ்லெட் வேலை செய்யல சார், 404 வருது. வெப்.எக்ஸ்எம்எல்லை எல்லா விதமாவும் மாத்திப் பாத்துட்டேன். டாம்கேட்டையே எடுத்துட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டேன்." லாகில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "லாக் பாக்கல சார். சர்வர்தான் ஸ்டார்ட் ஆயிடுச்சே, அதுல பிரச்சினை இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மட்டுமல்ல, பல வருடம் ஜாவா எழுதியவர்களும் இதையே சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். புதியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: சர்வ்லெட் என்பது பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ். அதை ஓட்டும் சர்வர்தான் டாம்கேட். எந்த முகவரிக்கு எந்த சர்வ்லெட் என்று சொல்வது மேப்பிங். அதை வெப்.எக்ஸ்எம்எல் ஃபைலிலோ, கிளாஸுக்கு மேலேயே அனோட்டேஷன் என்ற குறிப்பாகவோ எழுதலாம். கேட்ட முகவரியில் எதுவும் இல்லை என்றால் வருவது 404. நடப்பதையெல்லாம் சர்வர் எழுதி வைக்கும் ஃபைல்தான் லாக்.

டாம்கேட் ஸ்டார்ட் ஆவது வேறு, உங்கள் அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆவது வேறு. கன்சோலில் கடைசியாக ‘சர்வர் ஸ்டார்ட்டப்’ என்று இத்தனை மில்லிசெகண்ட் கணக்கோடு ஒரு வரி வருகிறதே, அது டாம்கேட்டைப் பற்றிய செய்தி. 8080 போர்ட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஒரே டாம்கேட்டுக்குள் பத்து அப்ளிகேஷன்கள் இருக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனிக் கான்டெக்ஸ்ட், அதாவது முகவரியில் தனக்கெனத் தனிப் பெயர் உள்ள பகுதி. ஒவ்வொன்றையும் டாம்கேட் தனித்தனியாகக் கிளப்புகிறது. அதில் ஒன்று கிளம்பும்போதே விழுந்தால், அதை மட்டும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒன்பது அப்ளிகேஷன்களை ஒன்றுக்காகப் பட்டினி போட முடியாதல்லவா? கடைசியில் அதே ‘சர்வர் ஸ்டார்ட்டப்’ வரி வழக்கம்போல வரும்.

அதன்பிறகு அந்த அப்ளிகேஷனின் எந்த முகவரிக்குப் போனாலும் 404தான். சர்வ்லெட் மட்டுமில்லை, இன்டெக்ஸ் பக்கம், படம், சிஎஸ்எஸ் எல்லாமே 404. உள்ளே எரர் நடந்தால் 500 (சர்வர் எரர்) வரவேண்டாமா என்று கேட்பார்கள். 500 கொடுக்க அங்கே அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுவே ஓடாதபோது, அந்த முகவரியில் யாரும் இல்லை என்று டாம்கேட் சொல்கிறது. இந்த நிலையில் மேப்பிங்கில் உள்ள முகவரியை, அதாவது யூஆர்எல் பேட்டர்னை, நூறு தடவை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

ஆகவே முதலில் ஒரே ஒரு சோதனை. அப்ளிகேஷனில் ஒரு சாதாரண ஹெச்டிஎம்எல் ஃபைலைப் போட்டு, பிரவுசரில் திறந்து பாருங்கள். அதுவும் 404 என்றால் மேப்பிங்கை மறந்துவிடுங்கள். அப்ளிகேஷனே கிளம்பவில்லை, அல்லது நீங்கள் தட்டும் கான்டெக்ஸ்ட் பெயர் தப்பு. ஹெச்டிஎம்எல் திறந்தால்தான் சர்வ்லெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, கிளம்பவில்லை என்றால் காரணத்தை எங்கே தேடுவது? ‘கேட்டலினா’ லாகில் ‘ஒன் ஆர் மோர் லிஸனர்ஸ் ஃபெயில்ட் டு ஸ்டார்ட்’ என்று ஒரு வரி இருக்கும். (அப்ளிகேஷன் கிளம்பும்போதே ஓடும் கிளாஸ்தான் லிஸனர்.) முழு விவரம் கன்டெய்னர் லாகில் இருக்கிறது என்று அதே வரி சொல்லும். அதை யாரும் கடைசி வரை படிப்பதில்லை. அது சொல்லும் ஃபைல், அதே ஃபோல்டரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தொடங்கி அன்றைய தேதியோடு இருக்கும். அதைத் திறந்து, அன்றைய கடைசி ‘காஸ்ட் பை’ வரியைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

கோடு எழுதும் கருவியான எக்லிப்ஸிலிருந்து ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்லிப்ஸ் வழக்கமாக டாம்கேட்டின் ‘வெப்ஆப்ஸ்’ ஃபோல்டரைத் தொடாது. ஒர்க்ஸ்பேஸுக்குள் ‘மெட்டாடேட்டா’ ஃபோல்டரில் தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். டாம்கேட்டின் முகப்புப் பக்கம் அதில் இருக்காது. அதனால் 8080க்குப் போனால் 404 வரும். டாம்கேட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

லாகில் நான் அதிகம் பார்ப்பது, ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் கான்டெக்ஸ்ட் லோடர் லிஸனர் கிளாஸ் கிடைக்கவில்லை என்ற எரர். மேவன் என்ற பில்ட் கருவியில் டிபென்டென்சி (தேவையான லைப்ரரி) சேர்த்திருப்பார்கள், கம்பைல் ஆகும், ஆனால் எக்லிப்ஸின் ‘டிப்ளாய்மென்ட் அசெம்பிளி’யில் மேவன் டிபென்டென்சிகள் இல்லாததால் அந்த லைப்ரரிகளின் ஜார் ஃபைல்கள் சர்வருக்குப் போயே இருக்காது. அடுத்தது ஜாவா வெர்ஷன்: கிளாஸ் ஃபைல் 61 என்றும், சர்வர் 55 வரைதான் ஏற்கும் என்றும் எரர் சொன்னால், ஜாவா 17இல் கம்பைல் செய்ததை ஜாவா 11இல் ஓட்டுகிறீர்கள். ஒரு சர்வ்லெட்டைக் காப்பி செய்து கிளாஸ் பெயரை மட்டும் மாற்றி, அனோட்டேஷனில் பழைய பேட்டர்னையே விட்டுவிட்டாலும் முழு அப்ளிகேஷனும் படுத்துவிடும். ஒரே பேட்டர்னை இரண்டு சர்வ்லெட்டுக்குக் கொடுக்க அனுமதியில்லை. பேட்டர்னின் முதல் எழுத்தாக ‘/’ போட மறந்தாலும் இதே கதி.

இனி, இந்த வாரம் வந்தவரின் பிரச்சினை. அவருடைய ஹெச்டிஎம்எல் பக்கம் திறந்தது. சர்வ்லெட் மட்டும் 404. லாகில் ஒரு எரர்கூட இல்லை. பழைய சர்வரில் டாம்கேட் 9 இருந்தது, புதிய சர்வரில் 10. அப்ளிகேஷன் அதேதான்.

சர்வ்லெட்டும் அடங்கிய ஜாவா இஇ என்ற தொகுப்பு 2017இல் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கைமாறியது. ‘ஜாவாக்ஸ்’ என்ற பேக்கேஜ் பெயரை வைத்துக்கொண்டு மேற்கொண்டு மாற்றங்கள் செய்ய உரிமை கிடைக்கவில்லை. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9இல் பெயர்கள் ‘ஜகார்த்தா’ ஆயின. டாம்கேட் 9 வரை ‘ஜாவாக்ஸ்.சர்வ்லெட்’, 10 முதல் ‘ஜகார்த்தா.சர்வ்லெட்’. டாம்கேட்டுக்கு இவை சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்கள்.

அனோட்டேஷன்களைத் தேடும்போது டாம்கேட் கிளாஸை லோடு செய்வதில்லை, கம்பைல் ஆன பைட்கோடை மட்டும் படிக்கிறது. ‘ஜகார்த்தா’ பெயரில் வெப்சர்வ்லெட் அனோட்டேஷன் இருக்கிறதா என்று பார்க்கும். உங்களுடையது ‘ஜாவாக்ஸ்’ என்றால் தனக்குரியதல்ல என்று பேசாமல் தாண்டிவிடும். அதனால்தான் எரர் இல்லை. இதே சர்வ்லெட்டை வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதியிருந்தால் 500 வந்து, ‘ஜாவாக்ஸ்’ ஹெச்டிடிபிசர்வ்லெட் கிளாஸ் இல்லை என்று சத்தம் போட்டிருக்கும். உடனே பழைய சர்வ்லெட் ஏபிஐ ஜாரைத் தேடிப்பிடித்து அப்ளிகேஷனின் ‘லிப்’ ஃபோல்டரில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அந்த எரர் போய், உங்கள் கிளாஸை ‘ஜகார்த்தா’ சர்வ்லெட்டாக மாற்ற முடியவில்லை என்ற இன்னொரு எரர் வரும், அவ்வளவுதான். சர்வ்லெட் ஏபிஐயைக் கொடுப்பது டாம்கேட்டின் வேலை. மேவனில் அதன் ஸ்கோப் ‘புரொவைடட்’ என்று இருக்கட்டும்.

ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு எல்லா ‘ஜாவாக்ஸ்’ஸையும் மாற்றுவது அடுத்த விபத்து. ‘ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல்’, ‘ஜாவாக்ஸ்.நேமிங்’, ‘ஜாவாக்ஸ்.கிரிப்டோ’ ஆகியவை ஜாவாவோடு வருபவை, அவை மாறவே இல்லை. அப்புறம், உங்கள் கோடு மட்டும் மாறினால் போதாது. ஸ்பிரிங் 5 பழைய பெயரில்தான் ஓடும், 6இலிருந்துதான் புதியது. காமன்ஸ் ஃபைல்அப்லோடு லைப்ரரியின் 1 வரிசையும் பழைய பெயரை நம்பியிருக்கிறது. இதற்கெல்லாம் நேரம் இல்லையென்றால், ‘வெப்ஆப்ஸ்’ ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் வார் ஃபைலை (முழு அப்ளிகேஷனையும் ஒன்றாகக் கட்டிய ஃபைல்) போடுங்கள். டாம்கேட் 10 தானே பெயர்களை மாற்றி ‘வெப்ஆப்ஸ்’ஸில் டிப்ளாய் செய்யும். டாம்கேட் குழு தரும் மைக்ரேஷன் டூலும் இதே வேலையைச் செய்யும். இரண்டும் தற்காலிகமாகக் கைகொடுக்கும், நிரந்தரமாக இதை நம்பி இருக்காதீர்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெப்.எக்ஸ்எம்எல்லில் ‘மெட்டாடேட்டா கம்ப்ளீட்’ ட்ரூ என்றிருந்தால் உங்கள் கிளாஸ்களில் உள்ள சர்வ்லெட் அனோட்டேஷன்களை டாம்கேட் பார்க்காது. வார் ஃபைலின் பெயர்தான் கான்டெக்ஸ்ட் பெயர். அந்தப் பெயரோடு மேவன் வெர்ஷன் நம்பரையும் ஒட்டியிருந்தால் முகவரியிலும் அது வரும். விண்டோஸில் ஓடியது லினக்ஸில் 404 என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். 405 வந்தால் மேப்பிங் சரியாகவே இருக்கிறது, சர்வ்லெட்டில் டூகெட் மெத்தடை எழுதவில்லை அல்லது அதற்குள் சூப்பர் டூகெட்டைக் கூப்பிடுகிறீர்கள். வரும் கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் ஸ்பிரிங் டிஸ்பாட்சர் சர்வ்லெட்டை ‘/*’ என்று மேப் செய்யாதீர்கள். ஜேஎஸ்பி பக்கத்துக்கு அனுப்புவதும் அதனிடமே திரும்பி வரும். ‘/’ போதும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகவரியில் ‘/சர்வ்லெட்/’ என்று போட்டு கிளாஸ் பெயரைத் தட்டச் சொல்லும் பழைய நோட்ஸை மாணவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அதற்கான இன்வோக்கர் சர்வ்லெட்டை டாம்கேட் 7இலேயே நீக்கிவிட்டார்கள். பிள்ளைகள் லேபில் மணிக்கணக்காக உட்கார்ந்து, தப்பு தங்களுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டிப்ளாய் செய்வதற்கு முன் வார் ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள். அது வெறும் ஜிப்தான். ‘வெப்-இன்ஃப்’ ஃபோல்டரின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறதா, ‘கிளாஸஸ்’ ஃபோல்டரில் உங்கள் சர்வ்லெட் கிளாஸ் இருக்கிறதா, ‘லிப்’பில் தேவையான ஜார்கள் இருக்கின்றனவா? ஓரிரு நிமிட வேலை. சர்வரை மாற்றுவதாக இருந்தால் டாம்கேட், ஜாவா இரண்டின் வெர்ஷனையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். டெபியன் 12 போன்ற லினக்ஸ்களில் டாம்கேட் கேட்டால் 10தான் கிடைக்கும்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது அந்த இரண்டு வெர்ஷன், நீங்கள் தட்டிய முழு முகவரி, லாகின் கடைசி ‘காஸ்ட் பை’ பகுதி ஆகியவற்றை எழுத்தாக அனுப்புங்கள். 404 பக்கத்தை மொபைலில் படம் பிடித்து அனுப்பினால், நாங்கள் முதலில் கேட்கப்போவது லாகைத்தான்.