ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியால் எதைத் தொட முடியும், எதைத் தொட முடியாது?

கைப்பேசிச் செயலிகளின் பாதுகாப்பைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில் என்பதால், உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏதோ ஒரு விளையாட்டுச் செயலியைப் போட்டுவிட்டேன், அது என் வங்கிச் செயலிக்குள் புகுந்து கடவுச்சொல்லை எடுத்துவிடுமா?" அப்படி நேரடியாகப் புகுந்து எடுக்க முடியாது என்பதே பொதுவான பதில். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாக இருந்த பலரும் பணத்தை இழந்திருக்கிறார்கள். ஆகவே இயங்குதளம் செயலிகளை எப்படிப் பிரித்து வைக்கிறது என்பதையும், அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த பிறகும் பணம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையும் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

செயலி என்பது தனியாக ஏறக்குறைய எதையுமே செய்ய இயலாத ஒன்று. திரையில் ஓர் எழுத்தைக் காட்டவும், ஒரு கோப்பைச் சேமிக்கவும், இணையத்துக்கு ஒரு தகவலை அனுப்பவும் அது இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்று வரையறுத்து வைத்திருக்கும் முறைகளைத்தான் நிரலாளர்கள் ஏபிஐ என்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டு மனுக் கொடுப்பவர் பதிவேட்டைத் தன் கையால் புரட்டிப் பார்ப்பதில்லை. அலுவலர் தேடி, கேட்டவருக்கு உரிய பகுதியை மட்டும் எழுதிக் கொடுக்கிறார். செயலிக்கும் வன்பொருளுக்கும் இடையே நடப்பதும் அதுவே. இன்றைய கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் சிப், எந்த நேரத்திலும் ஒரு குறிப்பிட்ட அதிகார நிலையில் இயங்குகிறது. செயலிகள் மிகக் குறைந்த அதிகாரமுள்ள நிலையிலும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்கு மேலான நிலையிலும் ஓடுகின்றன. கீழ்நிலையில் ஓடும் நிரல் வன்பொருளைத் தொட முயன்றால் சிப்பே அதை நிறுத்திவிடும். மேலே செல்ல ஒரே வழி, சிஸ்டம் கால் எனப்படும் அழைப்பை விடுத்துவிட்டு, கெர்னல் சொல்லும் பதிலுக்குக் காத்திருப்பதுதான். நினைவகத்திலும் இதே கட்டுப்பாடுதான். இரண்டு செயலிகள் ஒரே முகவரி எண்ணைப் பயன்படுத்தினாலும், கெர்னல் வைத்திருக்கும் பட்டியல்படி அவை வெவ்வேறு இடங்களுக்கே இட்டுச் செல்லும். அடுத்த செயலியின் நினைவகத்துக்கு இந்தச் செயலியிடம் முகவரியே கிடையாது.

இந்தப் பிரிவினை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கணினிகளில் கெர்னல் நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அனுப்பப்பட்ட ஒரு புதுப்பிப்புக் கோப்பில் இருந்த பிழையால், தனக்குரிய எல்லையைத் தாண்டிய நினைவகத்தை அது படிக்க முயன்றது. சாதாரணச் செயலி இதைச் செய்திருந்தால் அது மட்டும் மூடப்பட்டிருக்கும். கெர்னல் நிலையில் நடந்ததால் கணினி முழுவதுமே நின்றது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆப்பிள் நிறுவனம் இதே தேவைக்காக, கெர்னலுக்கு வெளியே இருந்தபடியே கண்காணிக்க உதவும் ஏபிஐ ஒன்றை 2019-இலேயே மேக் கணினிகளில் கொண்டுவந்திருந்தது.

ஆண்ட்ராய்டுக்கு வருவோம். அதன் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் கோப்பை மற்றவர் படிக்காதபடி காப்பது, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. கைப்பேசியை வைத்திருப்பவர் ஒருவரே என்பதால், ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்கள் அந்த ஏற்பாட்டை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள்: நிறுவப்படும் ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராகவே கெர்னலிடம் பதிவு செய்தார்கள். உங்கள் வங்கிச் செயலிக்கு 10,217 என்றும் விளையாட்டுச் செயலிக்கு 10,245 என்றும், 10,000-இல் தொடங்கும் வரிசையில் ஏதோ ஓர் எண் கிடைக்கிறது. செயலியின் சொந்தக் கோப்புறை அந்த எண்ணுக்கு மட்டுமே உரியது. சோதனைக்காக நாங்கள் எழுதும் சிறு செயலியைக் கொண்டு அடுத்த செயலியின் கோப்புறையைத் திறக்க முயன்றால், பழைய கைப்பேசிகளில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற பதில் வரும். ஆண்ட்ராய்டு 11-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காகக் கொண்டு எழுதப்பட்ட செயலிக்கு, பொதுவாக 'அப்படி ஒரு கோப்புறையே இல்லை' என்ற பதில்தான் வருகிறது. இதற்கு மேலாக, 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இலிருந்து எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கெர்னலிலேயே விதி வகுக்கும் எஸ்இலினக்ஸ் கட்டுப்பாடு முழுமையாக அமலில் இருக்கிறது. 2017-இன் ஆண்ட்ராய்டு 8-இலிருந்து, செயலிகள் விடுக்கக்கூடிய சிஸ்டம் கால்களின் பட்டியலே வடிகட்டப்படுகிறது.

என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதற்கு அடுத்தது. கேமரா, மைக், இருப்பிடம், குறுஞ்செய்தி ஆகியவை செயலிகளின் கையில் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தில் ஒரு சேவை உண்டு. செயலி அந்தச் சேவைக்கு பைண்டர் என்ற தொடர்பு வழியாகக் கோரிக்கை அனுப்புகிறது. அந்தக் கோரிக்கையில் அனுப்புநரின் எண்ணை எழுதுவது செயலி அல்ல, கெர்னலே எழுதுகிறது. ஆகவே 'நான்தான் வங்கிச் செயலி' என்று விளையாட்டுச் செயலி பொய் சொல்லிக் கேட்க வழியில்லை. சேவை அந்த எண்ணுக்குப் பயனர் அனுமதி கொடுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, கொடுத்திருந்தால் மட்டுமே பதில் தருகிறது. அனுமதியை இடையில் பறித்தால் ஓடிக்கொண்டிருக்கும் செயலி அந்த இடத்திலேயே மூடப்படும். ஆண்ட்ராய்டு 12-இல் வந்த கேமரா, மைக் பொத்தான்களை அணைத்து வைத்தால், அனுமதி பெற்ற செயலிக்கும் வெற்றுப் படமும் ஒலியற்ற பதிவும்தான் போய்ச் சேரும்.

இத்தனை கட்டுப்பாடுகளும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கின்றன: பயனர் அனுமதி கொடுத்தாரா? மோசடிக்காரர்கள் கெர்னலை உடைக்க மெனக்கெடுவதில்லை. அதற்குத் திறமையும் பெருஞ்செலவும் வேண்டும். அனுமதி கேட்டு வாங்குவது மிக மலிவானது.

2024 இறுதியில் காவல்துறையினர் எச்சரித்த 'திருமண அழைப்பிதழ்' மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் என்ற பெயரில் ஒரு கோப்பு வருகிறது. பெயரின் முடிவில் 'ஏபிகே' என்று இருக்கும். படமோ பிடிஎஃப்போ அல்ல, நிறுவக்கூடிய செயலி அது. போக்குவரத்து அபராதச் சலான், அரசு உதவித்தொகை என்ற பெயர்களிலும் இவை உலவுகின்றன. இவ்வகைக் கோப்பைப் பிரித்து, அது கோரும் அனுமதிகள் எழுதப்பட்டிருக்கும் மேனிஃபெஸ்ட் பகுதியைப் பார்த்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும். வரும் குறுஞ்செய்தியைப் பெறுவது, பெட்டியில் உள்ளவற்றைப் படிப்பது, கைப்பேசி மறுபடி இயக்கப்பட்டதும் தானே எழுந்துகொள்வது, இணையத்தைப் பயன்படுத்துவது ஆகிய நான்கும் வரிசையாக இருக்கும். அழைப்பிதழைக் காட்டுவதற்கான பக்கம் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். இந்த நான்கில் பயனரிடம் கேட்கப்படுவது குறுஞ்செய்தி தொடர்பானது மட்டுமே. இணைய அனுமதி சாதாரண வகையைச் சேர்ந்தது. நிறுவும்போதே கேட்காமல் வழங்கப்படுகிறது. எனவே குறுஞ்செய்தியைப் படிக்க ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தால், அதை எங்கு வேண்டுமானாலும் அனுப்பவும் அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும். ஓடிபி அந்த வழியாகத்தான் போகிறது.

இதில் பயனரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. யூபிஐ செயலிகள் உங்கள் சிம் அந்தக் கைப்பேசியில்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்ய, அதிலிருந்தே ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகின்றன. அதற்காக முறையாகவே அனுமதி கேட்கின்றன. ஆனால் ஆண்ட்ராய்டில் குறுஞ்செய்தி அனுப்புவதும் படிப்பதும் ஒரே தொகுதியில் இருப்பதால், எதைக் கேட்டாலும் பயனர் பார்க்கும் அனுமதிப் பெட்டி ஒன்றே. பணம் தொடர்பான செயலி என்றால் இந்தப் பெட்டி வரும், 'அனுமதி' என்று தட்ட வேண்டும் என்று கோடிக்கணக்கானோர் பழகிவிட்டார்கள். ஐபோனில் பிற செயலிகள் குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்க ஏபிஐயே கிடையாது. அந்தக் கேள்வி அங்கே எழுவதே இல்லை. கூகுள் 2019 முதல் தன் ப்ளே ஸ்டோரில் இந்த அனுமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு ப்ளே ஸ்டோர் வழியாக வருவதில்லையே.

இதைவிட ஆபத்தான வாசல் ஆக்சசிபிலிட்டி ஏபிஐ. பார்வையற்றவர்கள் கைப்பேசியைப் பயன்படுத்த உதவும் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்களுக்காக உருவாக்கப்பட்டது அது. திரையில் எந்தச் செயலி இருந்தாலும் அதன் எழுத்துகளைப் படிக்க வேண்டும், பயனருக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்த வேண்டும்; இவை இல்லாமல் திரைவாசிப்பான் இயங்காது. ஆகவே செயலிகளுக்கு இடையிலான சுவரைத் தாண்டும் உரிமையை இயங்குதளமே இந்த ஏபிஐ வழியாகத் தருகிறது. தீய செயலிக்கு அந்த உரிமை கிடைத்துவிட்டால், வங்கிச் செயலியின் திரையில் இருக்கும் இருப்புத் தொகையைப் படிக்கிறது. அடுத்தடுத்து வரும் அனுமதிப் பெட்டிகளில் தானே 'சம்மதம்' என்று தட்டிக்கொள்கிறது. நீங்கள் அதை நீக்குவதற்காக அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால், 'பின்செல்' பொத்தானைத் தானே அழுத்தி உங்களை வெளியே தள்ளுகிறது. பிற செயலிகளின் மேல் வரையும் அனுமதியும் சேர்ந்துவிட்டால், உண்மையான வங்கித் திரையின் மீது போலித் திரையை விரித்துக் கடவுச்சொல்லை வாங்கிவிடுகிறது. இவற்றில் எதிலும் வங்கிச் செயலியின் கோப்புறை திறக்கப்படவில்லை, நினைவகம் தொடப்படவில்லை.

ஆண்ட்ராய்டு 13-இலிருந்து, கோப்பாக வந்து நிறுவப்பட்ட செயலிகளுக்கு இந்த உரிமையை எளிதில் கொடுக்க முடியாதபடி தடை வைத்திருக்கிறார்கள். ஆனால் செயலித் தகவல் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் அந்தத் தடையை நீக்கும் வழியும் இருக்கிறது. தொலைபேசியில் பேசும் மோசடிக்காரர் பொறுமையாக அதையும் சொல்லித்தருவார். பழைய ஆண்ட்ராய்டைக் குறிவைத்து எழுதப்பட்டதாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, 2015-இல் வந்த அனுமதிப் பெட்டி முறையையே தவிர்த்த செயலிகளும் இருந்தன. அவற்றை நிறுவவே ஆண்ட்ராய்டு 14 மறுக்கிறது.

செயலி எழுதும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சோதனைக்கு வரும் செயலிகளில் தேவைக்கு மீறிய அனுமதிகளைச் சுட்டிக்காட்டினால், 'பின்னால் தேவைப்படலாம்' என்ற பதில் வருகிறது. ஒரு புகைப்படத்தைப் பதிவேற்ற மொத்தப் படத்தொகுப்பையும் படிக்கும் அனுமதி வேண்டியதில்லை. இயங்குதளமே தரும் படத்தேர்வுத் திரையான ஃபோட்டோ பிக்கரைத் திறந்தால் பயனர் தேர்ந்தெடுத்த படம் மட்டும் வந்து சேரும். ஓடிபி படிக்கக் குறுஞ்செய்தி அனுமதியே வேண்டாம். எஸ்எம்எஸ் ரிட்ரீவர் ஏபிஐ, உங்கள் செயலிக்குரிய 11 எழுத்து அடையாளம் உள்ள செய்தியை மட்டும் உங்களிடம் கொடுக்கும். நல்ல செயலிகள் பெட்டி காட்டாமலே வேலையை முடிக்கத் தொடங்கினால்தான், பெட்டி வரும்போது மக்கள் நின்று படிப்பார்கள்.

பயனர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. அமைப்புகளில் ஆக்சசிபிலிட்டி பகுதியைத் திறந்து, நிறுவப்பட்ட செயலிகள் என்ற தலைப்பின் கீழ் ஏதேனும் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரைவாசிப்பானோ உங்களுக்குத் தெரிந்த உதவிக் கருவியோ இல்லையென்றால் அங்கே எதுவும் இருக்க வேண்டியதில்லை. சிறப்பு அனுமதிகள் என்ற பகுதியில், பிற செயலிகளின் மேல் காட்டுவது, அறிவிப்புகளைப் படிப்பது, தெரியாத செயலிகளை நிறுவுவது ஆகிய மூன்றையும் பாருங்கள். கடைசியாகச் சொன்ன அனுமதியில் வாட்ஸ்அப் இயக்கப்பட்டிருந்தால் உடனே அணையுங்கள்.

ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் முதலில் கைப்பேசியை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். செய்தி வெளியேறும் வழி அடைபடும். வேறொரு கைப்பேசியிலிருந்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் அழையுங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறொரு கைப்பேசியிலிருந்தே மாற்றுங்கள். செயலியை நீக்க முடியாமல் திரை உங்களை வெளியே தள்ளினால், கைப்பேசியை சேஃப் மோடில் இயக்குங்கள். பல கைப்பேசிகளில், அணைக்கும் பொத்தான் திரையில் தோன்றும்போது அதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த வாய்ப்பு வரும். அந்த நிலையில் நீங்கள் பின்னர் நிறுவிய எந்தச் செயலியையும் இயங்குதளம் இயக்குவதில்லை என்பதால், 'பின்செல்' பொத்தானை அழுத்த அந்தச் செயலி விழித்திருக்காது. செயலியை எளிதில் நீக்க விடாத சாதன நிர்வாகி அனுமதியை அதற்குக் கொடுத்திருந்தால் அதை முதலில் பறித்துவிட்டு, பிறகு செயலியை நீக்குங்கள். அப்படியும் நீங்கவில்லையென்றால், படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் உள்ள அனைத்தையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்.