மெல்லிய வேர் தொலைந்தால் நல்ல ரகமும் தோற்கும்

பயிர் ரகங்களை ஒப்பிட, வேரை ஸ்கேன் செய்து மென்பொருளில் போட்டால் மொத்த நீளம், சராசரி விட்டம், பரப்பளவு, நுனிகளின் எண்ணிக்கை எல்லாம் நொடியில் வந்துவிடும். படம் மோசமாக இருந்தாலும் வரும். அதுதான் ஆபத்து.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் நுண்ணிய பக்கவேர்கள் 0.1 மி.மீ. தடிமன்கூட இருக்காது. எடையில் சொற்பம், நீளத்தில் பெரும்பங்கு அவைதான். 300 டிபிஐயில் (டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது) ஒரு பிக்சல் 0.085 மி.மீ.; அங்குலத்தின் 25.4 மி.மீ.ஐ டிபிஐயால் வகுத்தால் போதும். ஒரு பிக்சல் அகல வேர் பின்னணியோடு கரைந்துபோகும். குறுக்கே மூன்று நான்கு பிக்சலாவது விழ வேண்டும். 600 டிபிஐயில் பிக்சல் 0.042, 1200இல் 0.021 மி.மீ. கோப்பு பெரிதாகும், நேரம் பிடிக்கும்; ஆனாலும் முதல் சில மாதிரிகளை இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நுண்வேர் படத்தில் விடுபட்டால் நீளம் குறையும், சராசரி விட்டம் கூடும், உலர் எடை மட்டும் அப்படியே நிற்கும். ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கு குறைந்துவிடும். நுண்வேர் அதிகமுள்ள ரகத்துக்குத்தான் இதில் இழப்பு அதிகம். வறட்சி தாங்கும் ரகத்துக்கான தேர்வில் அது பின்னுக்குப் போய்விடும்.

இழப்பு கழுவும்போதே தொடங்குகிறது. களிமண் கட்டியைக் குழாயில் பீய்ச்சாமல், களிமண்ணைப் பிரித்துவிடும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஊறவிட்டு அலசுங்கள். 0.5 மி.மீ. சல்லடைக்கு அடியில் 0.25 மி.மீ. சல்லடை ஒன்றை வைத்து, அதில் தங்கியதை இடுக்கியால் பொறுக்குங்கள். வைக்கோல் துணுக்கையும் செத்த வேரையும் அப்போதே நீக்க வேண்டும்; மென்பொருளுக்கு அவையும் வேர்தான்.

வெளுத்த நுண்வேர் கண்ணாடிபோல இருக்கும். மெத்திலீன் நீலத்தில் ஊறவைத்து அலசினால் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். அக்ரிலிக் தட்டில் அரை செ.மீ. தண்ணீர் விட்டு வேரைப் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் வேர்கள் ஒரே தடித்த வேராகப் பதிவாகும். நறுக்கி இரண்டு மூன்று தட்டாகப் பிரிப்பதே நல்லது. நீர்க்குமிழிகளை ஊசியால் உடைத்துவிடுங்கள். ஸ்கேனரில் தூசி நீக்கும் வசதியை அணைத்து வையுங்கள், அது நுண்வேரையும் அழித்துவிடும். படத்தை டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கத்தில் ஓரங்கள் பிசிறாகி, இல்லாத கிளைகள் முளைக்கும்.

சரிபார்க்க, மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 42 கேஜ் செம்புக் கம்பி ஒரு மீட்டர் போதும். தடிமன் சுமார் 0.1 மி.மீ.; மேலே எனாமல் இருப்பதால் மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். துண்டாக்கிப் பரப்பி ஸ்கேன் செய்தால் நீளமும் விட்டமும் சரியாக வருகின்றனவா என்று தெரியும். ஆனால் கம்பி ஒளி புகாதது. த்ரெஷோல்டு, அதாவது எது வேர், எது பின்னணி என்று மென்பொருள் பிரிக்கும் நிற எல்லை, சரியா என்பதை அது சொல்லாது. அதற்கு டென்னன்ட் என்ற ஆய்வாளர் 1975இல் தந்த முறை இன்றும் உதவும்: தட்டின் அடியில் 1 செ.மீ. கட்டத்தாள் வைத்து, வேர் கோடுகளை வெட்டும் இடங்களை எண்ணி 0.786ஆல் பெருக்கினால் நீளம் செ.மீ.இல் கிடைக்கும். மென்பொருளின் எண் இதைவிட மிகக் குறைவாக இருந்தால் த்ரெஷோல்டை மாற்றிப் பாருங்கள்.

சோதனையின் நடுவில் அதை மாற்ற நேர்ந்தால், பழைய படங்களையும் புதிய அளவிலேயே மறுபடி ஓட்ட வேண்டும். அதற்காகவே மூலப் படங்களை அழிக்காமல் வையுங்கள்.