சரக்கு போய் 45 நாளாச்சு, பணம் வரலையா? சிறு தொழில்களுக்குச் சட்டம் தரும் உரிமை

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துபவரிடமோ, திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவரிடமோ தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஆர்டர் இருக்குங்க, பணம்தான் வரமாட்டேங்குது" என்ற பதில் கட்டாயம் காதில் விழும். சரக்கு போய்விட்டது, பில்லும் போட்டாயிற்று. மாதாமாதம் தாக்கல் செய்பவராக இருந்தால், அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20ஆம் தேதி வாக்கில் கையிலிருந்து கட்டியும் ஆயிற்று. சனிக்கிழமை வந்தால் கூலி கொடுக்க வேண்டும். வாங்கியவரின் பணம் மட்டும் 90 நாள், 120 நாள் என்று தள்ளிக்கொண்டே போகும். அந்த இடைவெளியை வங்கியின் சிசி கணக்கு (தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கட்டும் தொழில் கடன்) கொஞ்ச நாள் தாங்கும், அதற்குப் பிறகு வெளி வட்டிதான். கணக்கில் லாபம் காட்டும் பட்டறைகள்கூட இப்படித்தான் படுக்கின்றன. கடன், மானியம், பயிற்சி என்று சிறு தொழிலுக்குப் பல திட்டங்கள் பேசப்படுகின்றன. செய்த வேலைக்கான பணம் நேரத்துக்கு வருவதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. அதே ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் 15 முதல் 24 வரையிலான பிரிவுகள் முழுக்க இந்தப் பணப் பாக்கியைப் பற்றியவை. "45 நாள் ரூல்" என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த 45 நாள் எங்கே தொடங்குகிறது, யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

நாள் எண்ணும் விதம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லோருக்கும் 45 நாள் அவகாசம் என்று சட்டம் சொல்லவில்லை. பணம் கொடுக்கும் கெடுவை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கெடு எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. பர்சேஸ் ஆர்டரில் "பேமென்ட் 90 நாள்" என்று அச்சடித்து நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் 45க்கு மேல் செல்லாது.

எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு என்றால் கெடு வெறும் 15 நாள். "45 நாள்ல தந்துடறோம்ணா" என்று போனில் சொன்னது எழுத்தொப்பந்தம் ஆகாது. பெரும்பாலான ஜாப் ஒர்க் வேலைகள் இந்த வகையில்தான் வரும். இது பல வாங்குவோருக்கே தெரியாது.

நாள் எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கு போய்ச் சேர்ந்த, அல்லது சேவையை முடித்துக் கொடுத்த தேதியிலிருந்து. சரக்கில் குறை என்றால் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால், நீங்கள் அந்தக் குறையைச் சரிசெய்த நாள் தொடக்க நாளாகும். 15 நாளில் எழுத்தில் எதுவும் வரவில்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது திடீரென்று "குவாலிட்டி சரியில்லை" என்று டெபிட் நோட் (பில் தொகையில் கழித்துக்கொள்ளும் சீட்டு) போடுவது நமக்குப் பழகிய கதை. அந்தக் கதை இங்கே எளிதில் எடுபடாது.

ஆனால் சரக்கு எந்தத் தேதியில் சேர்ந்தது என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலான பட்டறைகளில் டெலிவரி சலானின் இரண்டாம் பிரதி, வாட்ச்மேனின் கிறுக்கல் கையெழுத்தோடு, தேதி இல்லாமல், ஆணியில் குத்திக் கிடக்கும். பின்னாளில் வழக்கு என்று வந்தால் அந்தத் தாள்தான் முதல் சாட்சி. சீல், பெயர், தேதி மூன்றும் இருக்கிறதா என்று வண்டி ஓட்டிப் போகும் ஆள் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். "சரக்கு வந்துருச்சு" என்ற வாட்ஸ்அப் செய்தி, இ-வே பில், லாரி ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

உரிமை யாருக்கு

குறு, சிறு என்ற இரண்டு பிரிவுக்கு மட்டும். சட்டத்தின் பெயரில் நடுத்தரம் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பில் நடுத்தர நிறுவனம் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன: இயந்திர, தளவாட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு. 25 கோடி, 100 கோடிக்குள் இருந்தால் சிறு. இரண்டு வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். ஏற்றுமதி விற்பனை இந்தக் கணக்கில் சேராது என்பது திருப்பூர், கரூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. மொத்த விற்பனையைப் பார்த்துவிட்டு நாம் நடுத்தரம் என்று நினைத்திருக்கும் சிலர் சட்டப்படி சிறு நிறுவனமாகவே இருக்கலாம்.

வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு ஏமாற்றம்தான். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளும் உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) பதிவு செய்யலாம் என்றார்கள். அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். பணப் பாக்கிச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது.

வாங்குபவர் யாராக இருந்தாலும் கட்டுப்படுவார்: தனியார், பொதுத்துறை, அரசுத் துறை, எல்லாம். நீங்களும்தான். ஏற்றுமதியாளரிடம் பாக்கிக்கு அலையும் நிட்டிங்காரர், தன் இயந்திரத்தைப் பழுது பார்த்த சிறு பட்டறைக்கு நாலு மாதமாகப் பணம் தராமல் இருந்தால் அவர்மீதும் இதே சட்டம் பாயும்.

இனி மிக முக்கியமானது: உத்யம் பதிவு. சரக்கு அனுப்புவதற்கு முன்பே அந்தப் பதிவு இருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்து பழைய பில்லுக்கு உரிமை கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இலும், மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022இலும் அதுதான் தீர்ப்பு. 2025 ஜனவரியில் வேறோர் அமர்வு இதில் மாறுபட்டு, மூன்று நீதிபதிகள் முன் வைக்கும்படி அனுப்பியது உண்மை. அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். பதிவுக்குக் கட்டணமே இல்லை. ஆதாரும் பான் எண்ணும், இருந்தால் ஜிஎஸ்டி எண்ணும் போதும். கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. மாவட்டத் தொழில் மையத்திலும் உதவி கிடைக்கும். பதிவு எண்ணை பில்லின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள். "நீங்க சிறு நிறுவனம்னு எங்களுக்குத் தெரியாதே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

வட்டி

கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கணக்குக்காக வங்கி விகிதம் 6% என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18%, மாதத்துக்கு 1.5%. 4 லட்ச ரூபாய் பாக்கிக்கு முதல் மாதம் 6,000. இரண்டாம் மாதம் 6,090. ஆறு மாதம் ஆனால் மொத்தம் ஏறக்குறைய 4,37,400. ஓராண்டில் 4,78,000க்குச் சற்று மேல். வட்டி கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வரி சட்டத்தின் முன் நிற்காது. கட்டிய வட்டியை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

புகார் இல்லாமலே வேலை செய்யும் விதி

இவ்வளவு இருந்தும் இந்தச் சட்டம் பல காலம் காகிதத்திலேயே கிடந்ததற்குக் காரணம் ஒன்றுதான். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. ஒரே கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர் அந்தக் கம்பெனிமேல் வழக்குப் போடுவாரா?

இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது வருமான வரி. 2023 நிதிச் சட்டம் பழைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற விதியைச் சேர்த்தது. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து அமலுக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் தராத பாக்கியை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 30% வரி கட்டும் ஒரு கூட்டு நிறுவனம் உங்களுக்கு 10 லட்சம் பாக்கி வைத்து மார்ச் 31ஐக் கடந்தால், அந்த 10 லட்சம் அவர்களுடைய லாபத்தில் ஏறி, செஸ் சேர்த்து 3,12,000 ரூபாய் வரி அந்த ஆண்டிலேயே கட்ட வேண்டிவரும். மற்ற சில பாக்கிகளைப் போல ரிட்டர்ன் தாக்கலுக்கு முன் கொடுத்துச் சரிக்கட்டும் சலுகையும் இதற்குக் கிடையாது. நீங்கள் யாரையும் பகைக்க வேண்டியதில்லை. அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

ஆனால் இதன் பல் மார்ச்சில் மட்டும்தான் கடிக்கும். மே மாதம் போன சரக்குக்கு அடுத்த மார்ச் 30ஆம் தேதி பணம் கொடுத்தாலும் வரி நஷ்டம் இல்லை. வட்டிக்கு மட்டும் கடன்பட்டவர்களாவார்கள். மார்ச்சில் போன சரக்குக்கு, கெடு முடியாத நிலையில், ஏப்ரலிலோ மேயிலோ கெடுவுக்குள் கொடுத்தாலும் பிரச்சினை இல்லை. அதனால் பிப்ரவரியில் பாக்கிப் பட்டியலும் உத்யம் சான்றின் நகலும் வாங்குபவரின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் போவது நல்லது. "உத்யம் இல்லாதவங்ககிட்ட வாங்கிக்கறோம்", "பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க" என்ற அழுத்தமும் விதி வந்தபோதே கிளம்பிவிட்டது. ரத்து செய்தால் வட்டி உரிமையோடு கடன் சலுகைகளும் போகும் என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

ஜிஎஸ்டியிலும் ஒரு பிடி உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத வாங்குபவர், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) அரசுக்குத் திருப்ப வேண்டும். கணக்குப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

கடைசியில் புகார்தான் என்றால்

மத்திய அரசின் இணையதளத்தில் உத்யம் எண்ணைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். 2017 அக்டோபரில் இதற்கென்று சமாதான் தளம் வந்தது. 2025 ஜூனில் இணையவழித் தகராறு தீர்வுக்கென்று தனித் தளமும் வந்திருக்கிறது. புகார் போவது மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றத்துக்கு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி முதலிய இடங்களில் மன்றங்கள் உண்டு. இங்கே ஒரு பெரிய சாதகம்: வாங்குபவர் டெல்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், வழக்கு உங்கள் ஊர் மன்றத்தில்தான் நடக்கும். பர்சேஸ் ஆர்டரில் "டெல்லி நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்று இருந்தாலும் அப்படியே.

மன்றம் முதலில் சமரசம் பேசும். பெரும்பாலும் வட்டியைக் குறைத்துக்கொண்டு அசலைத் தவணையில் வாங்கிக்கொள்ளும் பேச்சாக அது இருக்கும். படியவில்லை என்றால் நடுவர் தீர்ப்பாய விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்துப் போவது நல்லது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, அதை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75% முன்கூட்டியே கட்டியாக வேண்டும். இழுத்தடிக்க நினைப்பவர்கள் பேச்சுக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆவணமாகக் கேட்பவை: பர்சேஸ் ஆர்டர், பில், டெலிவரி சலான், கணக்குப் பேரேட்டு நகல், கேட்டு எழுதிய கடிதங்கள். காலவரம்பையும் மறக்க வேண்டாம். நடுவர் விசாரணைக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மீண்டும் உறுதி செய்திருக்கிறது. அதனால் பாக்கி மூன்று ஆண்டைத் தொடும்வரை காத்திருக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறையாவது பாக்கித் தொகையை வாங்குபவரிடம் எழுத்தில் உறுதி செய்து வாங்கி வைத்தால், அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து காலவரம்பு புதிதாக எண்ணப்படும். மூன்று ஆண்டு முடிவதற்குள் அந்தக் கையெழுத்து விழ வேண்டும்.

சண்டையே வேண்டாம், பணம் மட்டும் சீக்கிரம் வேண்டும் என்பவர்களுக்கு டிரெட்ஸ் என்ற வழி இருக்கிறது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் முதலிய தளங்கள் ரிசர்வ் வங்கி அனுமதியோடு இயங்குகின்றன. வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வைத்தால் வங்கிகள் போட்டி போட்டு வட்டி கேட்டு, தள்ளுபடி போக மீதியை உங்கள் கணக்கில் போட்டுவிடும். பின்னர் வாங்குபவர் தரவில்லை என்றாலும் வங்கி உங்களிடம் திரும்பக் கேட்காது. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, உங்கள் பில்லை அவர்கள் தளத்தில் ஏற்க வேண்டும்; பல இடங்களில் வேலை அங்கேதான் நிற்கிறது. உங்கள் வாடிக்கையாளர் அந்த அளவுள்ளவர் என்றால், எந்தத் தளத்தில் பதிந்திருக்கிறார், யார் அங்கே பில்லுக்கு ஒப்புதல் தருவது என்று அடுத்த ஆர்டர் பேசும்போதே கேட்டு பர்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்கிவிடுங்கள்.