வீட்டு கேஸ் சிலிண்டர்: வாசலிலேயே சோதிக்கலாம், திருப்பியும் அனுப்பலாம்

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் நம்முடையது அல்ல. டெபாசிட் கட்டிப் பயன்படுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். இரும்புக் கலம் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. 2022 ஜூனில் இந்த டெபாசிட் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆகவும், ரெகுலேட்டருக்கான டெபாசிட் 150-லிருந்து 250 ஆகவும் உயர்ந்தது. இணைப்பை ஒப்படைத்தால் நாம் கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்கும். உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு பெற்றவர்கள் டெபாசிட் கட்ட வேண்டியதில்லை.

சொத்து அவர்களுடையது என்பதால் அதைச் சோதனை முடித்து, கசிவில்லாமல், சரியான எடையில் கொண்டுவந்து தருவதும் அவர்கள் பொறுப்புதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? காலி சிலிண்டரை உருட்டிக் கொடுத்துவிட்டு, வந்ததை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறோம். மாற்றி மாட்டும் நாளில்தான், அதுவும் அடுப்பில் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும் நேரத்தில், உள்ளே வாஷர் இல்லை என்று தெரியவரும். சிலிண்டரை ஒப்படைக்கும் முன் எடையும் கசிவும் பார்த்துக் காட்ட வேண்டும் என்பது கேஸ் ஏஜென்சிகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் விதித்திருக்கும் கடமை. நாம் கேட்காததால் அது பல இடங்களில் நடப்பதில்லை.

எதைச் சோதிக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, இந்தக் கலம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இரண்டு எஃகுக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து நடுவில் பற்றவைத்தது போன்ற உருவம். கீழே ஒரு வளையம். கலத்தின் அடிப்பாகம் ஈரத்தரையைத் தொடாமல் நிமிர்ந்து நிற்பதற்காக அது. அந்த வளையத்தில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகளும் இருக்கும். மேலே ஒரு கைப்பிடி வளையம், அதைத் தாங்கும் மூன்று பட்டைகள். நடுவில் கலத்தோடு பற்றவைத்த தடித்த கழுத்துத் துண்டு. அதில் மரை வழியாக வால்வு இறுக்கப்பட்டிருக்கும்.

உள்ளே கேஸ் பெரும்பகுதி திரவமாகவே இருக்கிறது. கொள்ளளவு சுமார் 33.3 லிட்டர். அதை முழுக்க நிரப்பாமல், சூடேறினால் திரவம் விரிவதற்கு மேலே இடம் விட்டுத்தான் 14.2 கிலோ நிரப்புகிறார்கள். 65 டிகிரி வெப்பத்தில் இந்த கேஸ் தரக்கூடிய உச்ச அழுத்தமாக சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோவைக் கணக்கில் வைத்துத்தான் கலத்தை வடிவமைக்கிறார்கள். தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது கொடுப்பது 25 கிலோ. நம் ஊர் சித்திரை வெயிலை எல்லாம் இந்த எஃகு சுலபமாகத் தாங்கும். அதனால் வீட்டில் வரும் தொல்லை பெரும்பாலும் கலத்தின் உடம்பில் இருந்து வருவதில்லை, இணைப்புகளில் இருந்துதான் வருகிறது. கசியக்கூடிய இடங்கள் மூன்று. ஒவ்வொன்றும் வேறு வகை, சோதிக்கும் முறையும் வேறு.

முதலாவது, வால்வின் உள்ளே நடுவில் தெரியும் ஊசி. ஸ்பிரிங் அதை மேலே தள்ளி வழியை அடைத்து வைத்திருக்கும். ரெகுலேட்டரை மாட்டி ‘ஆன்’ செய்யும்போதுதான் ஊசி கீழே அமுங்கி கேஸ் வெளியே வரும். ஊசி சரியாக உட்காராவிட்டால், ரெகுலேட்டர் இல்லாத நிலையிலேயே கசியும். டெலிவரி செய்பவர் சீலைப் பிரித்து மூடியைக் கழற்றியதும், வால்வு வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். குமிழி வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம்.

இரண்டாவது, எல்லோரும் வாஷர் என்று சொல்லும் ஓ-ரிங். வால்வின் உட்சுவரில் ஒரு பள்ளத்தில் பொருந்தியிருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். ரெகுலேட்டரின் மூக்கு உள்ளே இறங்கும்போது அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது இதுதான். இது இல்லாமலோ, வெடித்தோ, பள்ளத்தை விட்டு விலகியோ இருந்தால், மேலே சொன்ன தண்ணீர் சோதனையில் ஒன்றுமே தெரியாது. ரெகுலேட்டரை மாட்டி ‘ஆன்’ செய்த பிறகுதான் பக்கவாட்டில் கேஸ் சீறும். ஆக, தண்ணீர் விட்டுப் பார்த்தாயிற்று, குமிழி இல்லை, சரி என்று விட்டுவிடக் கூடாது. மூடியைத் திறந்ததும் வளையம் முழுசாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முடிந்தால் அவரையே ரெகுலேட்டரை மாட்டச் சொல்லி, சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வாசலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். ஓ-ரிங் இல்லையென்றால் அங்கேயே புதிது போட்டுத் தர வேண்டும், அல்லது சிலிண்டரை மாற்றித் தர வேண்டும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. பழைய சிலிண்டரில் இருந்து ஊக்கால் நோண்டி எடுத்துப் போடும் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். நோண்டும்போதே ரப்பரில் கீறல் விழும்.

மூன்றாவது, வால்வும் கழுத்துத் துண்டும் சேரும் மரை. இது அபூர்வமாகத்தான் கசியும். ஆனால் கசிந்தால் வீட்டிலோ ஏஜென்சியிலோ சரிசெய்யும் வேலை அல்ல, சிலிண்டர் நிரப்பும் ஆலைக்கே போக வேண்டும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு யாராவது உதவிக்கு வந்தால் தடுத்துவிடுங்கள்.

அந்த எழுத்தும் எண்ணும்

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கத்தில் ‘பி-28’ என்பது போல ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். பி-28 என்றால் 2028 ஜூன் மாதத்துக்குள் அடுத்த சோதனை செய்ய வேண்டும் என்று பொருள்.

இதை ‘எக்ஸ்பயரி டேட்’ என்று சொல்லி, தாண்டினால் வெடித்துவிடும் என்று பயமுறுத்தும் வாட்ஸ்அப் தகவல் பல வருடங்களாகச் சுற்றி வருகிறது. மருந்து காலாவதி ஆவது போல இரும்புக் கலம் ஒரு தேதியில் காலாவதி ஆவதில்லை. இது மறுசோதனைக்கான கெடு. புதிய சிலிண்டருக்கு முதல் சோதனை 10 ஆண்டுகளில், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. இதை நிர்ணயிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த எரிவாயு சிலிண்டர் விதிகள், 2016. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இந்த விதிகளைச் செயல்படுத்துகிறது. கெடு முடிந்த சிலிண்டரில் சோதனை செய்யாமல் கேஸ் நிரப்பக் கூடாது என்பதுதான் விதியின் மையம்.

அப்படியானால் கெடு தாண்டிய சிலிண்டர் வாசலுக்கு வந்தால் வாங்கலாமா? வாங்க வேண்டியதில்லை. கெடுவுக்கு முன்பே நிரப்பியதா, பின்பா என்று நமக்கு எப்படித் தெரியும்? வேறு கேளுங்கள். ஆனால் ஏற்கெனவே வீட்டில் மாட்டியிருக்கும் சிலிண்டரில் தேதி போன மாதம் முடிந்துவிட்டது என்பதற்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். காலியானதும் வழக்கம்போலப் போய்விடும்.

எடை, ஓடிபி, கூடுதல் காசு

காலி எடையும் அந்தப் பட்டையிலோ வளையத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். 15.6 என்று இருந்தால் அதோடு 14.2-ஐக் கூட்டுங்கள்: 29.8 கிலோ. டெலிவரி வண்டியில் தராசு இருக்க வேண்டும், கேட்டால் நிறுத்துக் காட்ட வேண்டும். சில கிராம் முன்பின் இருப்பது இயல்பு. கிலோ கணக்கில் குறைந்தால் வாங்காதீர்கள். அதிகம் இருந்தால் லாபம் என்றும் நினைக்காதீர்கள். விரிவதற்கு விட்ட இடத்தை அடைத்துக்கொண்டு நிரப்பிய சிலிண்டர் ஆபத்தானது.

இப்போது டெலிவரியின்போது செல்போனுக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நீங்கள் சிலிண்டரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாலும், சோதனை முடிந்த பிறகே அந்த எண்ணைச் சொல்லுங்கள். குறையுள்ள சிலிண்டரைத் திருப்பி அனுப்பினால் மறுபடி புக் செய்ய வேண்டியதில்லை. மாற்று சிலிண்டர் தருவது அதே பதிவின் கீழ் அவர்கள் செய்ய வேண்டிய வேலை.

பில் தொகையிலேயே டெலிவரி கட்டணம் அடங்கியிருக்கிறது. மாடிக்கு இவ்வளவு, தெருவுக்கு இவ்வளவு என்று மேலே கேட்பதற்கு விதியில் இடமில்லை. அத்தனை எடையைத் தோளில் வைத்து மூன்றாம் மாடி ஏறுபவருக்கு விருப்பப்பட்டு ஏதாவது கொடுப்பது உங்கள் மனசு, ஆனால் அது கட்டாயம் ஆகாது. நீங்களே கிடங்குக்குப் போய் எடுத்துவந்தால் டெலிவரி கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் வாங்க வேண்டும்.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையில் இருக்க வேண்டும். படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்கட்டும். இந்த கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். சமையல் மேடைக்குக் கீழே கதவு போட்டு மூடி வைக்கும் வீடுகளில் கதவின் அடிப்பகுதியில் காற்று போக வழி விட்டிருக்க வேண்டும். மேலே மட்டும் ஓட்டை போட்டுப் பயனில்லை. ரெகுலேட்டரிலிருந்து அடுப்புக்குப் போகும், ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள ‘சுரக்ஷா’ ரப்பர் டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. அதில் தேதி அச்சிட்டிருக்கும், ஒரு முறை குனிந்து பாருங்கள். ஏஜென்சி ஆட்கள் வீட்டுக்கு வந்து இலவசமாகச் செய்யும் அடிப்படைப் பாதுகாப்புச் சோதனையில் இதையும் பார்ப்பார்கள்.

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வால்வில் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். மூடி நூலில் தொங்குவதே இதற்காகத்தான். பிய்த்துத் தூர எறிந்துவிடாதீர்கள். சாமி விளக்கை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த மின் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. மற்ற புகார்களுக்கு 1800-2333-555. எடைக் குறைவு என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவிடமும் போகலாம், எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் நடத்தும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டங்களில் ஏஜென்சிக்காரர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். எழுதிக் கொடுத்த மனுவுக்கு அங்கே கொஞ்சம் மதிப்பு உண்டு.

விபத்து நடந்தால்

எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் பிரீமியம் கட்டுவதில்லை, பாலிசி நம் பெயரிலும் இருக்காது. கேஸ் விபத்தில் இறந்தால் நபருக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரை, அதில் ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம். பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. இதைப் பற்றித் தெரியாமலேயே எத்தனையோ குடும்பங்கள் கைக்காசில் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கின்றன. 40 லட்சம், 50 லட்சம் என்று ஆளுக்குக் கிடைக்கும் எனச் சுற்றும் தகவல்களையும் நம்ப வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனத்திடம் நேரே போக வேண்டியதில்லை. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் நிறுவனத்துக்கும் அது காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கும். காவல் நிலையப் புகார் நகல், மருத்துவ பில்கள், இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று எல்லாம் கேட்பார்கள். டியூப், அடுப்பு வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது விசாரணை நேரத்தில் உதவும்.

பொருள் சேதத்துக்கான தொகை, இணைப்பில் பதிவான முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டும்தான். வாடகை வீடு மாறும்போது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு முகவரியை அப்படியே விட்டுவைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதே ஏஜென்சி எல்லைக்குள் மாறினால் முகவரிச் சான்றோடு ஒரு விண்ணப்பம், வேறு ஊர் என்றால் இணைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.