காசநோய் உதவித்தொகை: பணம் எங்கே சிக்குகிறது?

காசநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பெயர் நிக்ஷய் போஷண் திட்டம். 2018 ஏப்ரலில் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முதல் 3,000 ரூபாய், நோய் உறுதியானதும் முன்பணமாக வர வேண்டும். அடுத்த 3,000 ரூபாய், 84 நாள் மருந்து எடுத்த பிறகு. மருந்தை முழுவதும் முடித்துவிட்டு வரச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால், அப்படி ஒரு விதியே இல்லை.

தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தாம் அதிகம் இழக்கிறார்கள். காசநோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் எல்லா மருத்துவர்களுக்கும் கட்டாயம். ஆனாலும் பலர் தெரிவிப்பதில்லை. நிக்ஷய் என்ற அரசு இணையத் தளத்தில் பதிவு இல்லையென்றால் பணமும் இல்லை. மருந்துச் சீட்டோடு திரும்பிவிடாமல் நிக்ஷய் பதிவு எண்ணை எழுதி வாங்குங்கள். கழுத்து நெறிக்கட்டி, எலும்பு போன்ற இடங்களில் வரும் காசநோய் பொதுவாகப் பிறருக்குத் தொற்றாது. அதற்காக உதவித்தொகை மறுக்கப்படக் கூடாது. அவர்களும் முழுத் தகுதி உள்ளவர்கள்.

அடுத்த சிக்கல் வங்கி. வேறு வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்ட வங்கிகளின் பழைய பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி எண் (வங்கிக் கிளையைக் குறிக்கும் எண்) இப்போது செல்லாது. ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு பெயர் என்றாலும் பணம் நின்றுவிடும். நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்கு முடங்கியிருக்கும். சுகாதார ஊழியர் வங்கியைக் கைகாட்டுவார், வங்கி ஊழியர் மருத்துவமனையைக் கைகாட்டுவார். நுரையீரல் கெட்டு மூச்சிரைக்கும் மனிதரை இப்படி நடக்கவிடுவது அநியாயம். பணம் எந்தக் காரணத்தால் திரும்பியது என்பது பதிவுத் தளத்திலேயே தெரியும். முதலில் அதைக் கேட்டுக்கொண்டு வங்கிக்குப் போங்கள். சொந்தக் கணக்கு இல்லையென்றால் ஒப்புதல் எழுதிக்கொடுத்து இரத்த உறவினர் கணக்கைத் தரலாம்.

வேலைக்காக ஊர் மாறினால் அதே எண்ணைப் புதிய ஊருக்கு மாற்றச் சொல்லுங்கள். புதிதாகப் பதிந்தால் பதிவு குழம்பும்.

தாமதத்தைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். இருமல் வழியே காற்றில் பரவும் இந்தக் கிருமி பலர் உடலில் உறங்கிக் கிடக்கும். உடல் மெலிந்தால் விழித்துக்கொள்ளும். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவு கொடுத்தபோது அவர்களில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. பணம் வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கவும் கூடாது. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம்.

அலைக்கழித்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணை அழையுங்கள். மாவட்டக் காசநோய் அலுவலருக்கு நிக்ஷய் எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். நகலில் ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.