ஸோமியா: சொல்லும் பொருளும்

ஆசியாவின் பெருமலைகள் பற்றிய ஆய்வுகளில் இன்று அடிக்கடி காணப்படும் சொல் ஸோமியா. எந்த நாட்டு வரைபடத்திலும் இந்தப் பெயர் கிடையாது. டச்சு வரலாற்றாசிரியர் வில்லெம் வான் ஸ்கெண்டல் 2002இல் இதை உருவாக்கினார்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் ஆசியாவைத் தெற்கு, தென்கிழக்கு, கிழக்கு, நடு என்று துறைவாரியாகப் பங்குபோட்டுக்கொண்டன. இமயம், திபெத், வடகிழக்கு இந்தியா, மியான்மர், தென்மேற்குச் சீனாவின் யுன்னான், லாவோஸ் மலைகள் என்று தொடரும் உயர்நிலமோ இந்தத் துறைகளுக்குள் துண்டு துண்டாகச் சிதறி, ஒவ்வொன்றிலும் கடைசி ஓரமாகிப் போனது. ஓரங்களை எல்லாம் சேர்த்து ஒரே பகுதியாகப் பார்த்தால் என்ன என்றார் அவர்.

வேர்ச்சொல் அந்த மலைகளிலேயே கிடைத்தது. இந்தியா, மியான்மர், வங்கதேசம் மூன்றிலும் பரவியுள்ள மிஸோ, குக்கி, சின் மொழிகள் சிலவற்றில் 'ஸோமி' என்றால் மலைவாழ் மக்கள். 'மி' என்பது மனிதர். 'ஸோ' என்பதற்குத் தொலைவான இடம், மேட்டுநிலம் என்று ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். அது தங்கள் மூதாதையின் பெயர் என்று சொல்லும் ஸோ மக்களும் உண்டு. மிஸோரம் என்ற பெயரிலும் இருப்பவை இதே இரு சொற்கள்தான்.

சொல்லைப் பரப்பியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் சி. ஸ்காட். 2009இல் வெளிவந்த நூலில் எல்லையைச் சுருக்கி, வியட்நாமின் நடு மேட்டுநிலம் முதல் வடகிழக்கு இந்தியா வரை, 300 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட நிலத்தை ஸோமியா என்றார். பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 10 கோடி. இங்குள்ளவர்கள் பள்ளத்தாக்கு அரசுகளின் வரி, கட்டாய வேலை, படைச்சேர்ப்பு, அடிமை வேட்டை ஆகியவற்றுக்குத் தப்பி மலையேறியவர்கள் என்பது அவர் வாதம். இடம்விட்டு இடம் மாறும் காட்டெரிப்பு வேளாண்மை, மண்ணுக்குள் விளையும் கிழங்கு, எழுத்தில்லா வழக்கு எல்லாமே அரசின் கைக்கு எட்டாமல் வாழும் உத்திகள் என்றார். நாகரிகம் எட்டாதவர்கள் என்ற பழைய இழிவுரையைப் புரட்டிப்போட்ட வாசிப்பு இது. 1950களுக்குப் பிறகு சாலையும் ராணுவமும் மலைக்குள் புகுந்துவிட்டதால் தன் வாதம் அதன்பின் பொருந்தாது என்பதையும் அவரே எழுதினார்.

மறுப்பும் வலுவாகவே வந்தது. மியான்மர் வரலாற்றை ஆராய்ந்த விக்டர் லீபர்மன், சான்றுகள் போதவில்லை என்றார். மானிடவியலாளர் ஜான் மிஷோ, 'தென்கிழக்காசியப் பெருமலைத் தொகுதி' என்ற புவியியல் பெயரையே விரும்பினார். எனக்குப் பெரிதாகப் படும் தடை நான்சாவோ. 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் யுன்னானின் உயர்ந்த மேட்டுச் சமவெளியில் கோலோச்சிய பேரரசு அது. மலை என்றாலே அரசின்மை என்று சொல்லிவிட முடியாது. மலை, சமவெளி அடையாளங்களும் நிலையானவை அல்ல. மியான்மரின் மலைவாழ் கச்சின் குடும்பங்கள் காலப்போக்கில் பள்ளத்தாக்கு மக்களான ஷான் ஆகும் என்பதை மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954லேயே காட்டியிருந்தார்.

தமிழில் என்ன சொல்வது? 'மலைநாடு' என்றால் நமக்குக் கேரளமும் இலங்கையின் மலையகமும் நினைவுக்கு வரும். 'எல்லைப்பகுதி' வேலியையும் காவற்சாவடியையும் முன்னே நிறுத்தும். நான் பரிந்துரைப்பது சங்கச் சொல்லான 'வன்புலம்'. குறிஞ்சியும் முல்லையும் வன்புலம். மருதமும் நெய்தலும் மென்புலம். புறநானூற்றின் 42ஆம் பாடலில் இடைக்காடனார், வாளைமீனும் ஆமையும் கரும்பில் எடுத்த தேனும் குவளையும் 'வன்புலக் கேளிர்க்கு' விருந்தாகும் சோழநாட்டைப் பாடுகிறார். கேளிர் என்றால் உறவினர். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே பகையும் தப்பியோட்டமும் மட்டுமல்லாமல் உறவும் போக்குவரத்தும் இருந்ததை இச்சொல் தன்னோடு கொண்டுவருகிறது. ஸ்காட்டை மறுத்தவர்களில் சிலர் வற்புறுத்தியதும் இதைத்தான்.

ஆகவே குறிப்பிட்ட ஆசியப் பகுதியைச் சுட்டும்போது ஸோமியா என்றே எழுதலாம். அரசுகளுக்கு இடைப்பட்ட உயர்நிலம் என்ற பொதுப்பொருளில் வன்புலம் என்றும், அதுபற்றிய ஆய்வை வன்புல ஆய்வு என்றும் வழங்கலாம். ஸோமி, மிஸோ, சின், குக்கி என்பவை இன்றும் அரசியல் உயிர்ப்புள்ள பெயர்கள். அந்தந்த மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அப்படியே எழுத வேண்டும்.