1,564 சக்கரங்களை உடைத்த விளையாட்டு

1924ஆம் ஆண்டு. ரால்ஃப் ஹேங்கின்சன் என்பவரின் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆட்டோ போலோ அணிகள் அந்த ஒரு வருடத்தில் உடைத்துத் தள்ளியவற்றின் கணக்கு இது: சக்கரங்கள் 1,564. வெடித்த டயர்கள் 538. முறிந்த அச்சுகள் 66. விரிசல் விட்ட இன்ஜின்கள் 10. இனி எதற்கும் ஆகாது என்று கழித்துக் கட்டிய கார்கள் 6.

முதல் தடவை படித்தபோது ‘சரியான கிறுக்கர்கள்’ என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இன்னொரு தடவை பார்த்தபோதுதான் உறைத்தது. ஓர் அச்சு முறிவதற்குள் கிட்டத்தட்ட 24 சக்கரங்கள் உடைந்திருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு சக்கரம் போயும் காராகப் போனது வெறும் ஆறு. ஏன் இப்படி? இதற்குப் பதில் தேடிப் போனால், அந்தக் கால ஃபோர்டு கார் எப்படி ஓடியது என்பது முழுக்கப் புரிந்துவிடுகிறது.

ஆட்டோ என்றதும் நம் மூன்று சக்கர வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஆட்டோ என்றால் ஆட்டோமொபைல், அதாவது கார். குதிரை மேல் ஆடும் போலோவைக் காரில் ஆடுவது. 1902இலேயே பாஸ்டன் பக்கம் டெடம் போலோ கிளப்பைச் சேர்ந்த ஜோஷுவா கிரேன் என்பவர், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய குட்டி நீராவிக் கார்களை வைத்து இதை ஆடிக் காட்டியிருக்கிறார். அது பெரிதாக எடுபடவில்லை. 1911இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் ஃபோர்டு கார் விற்றுக்கொண்டிருந்த ஹேங்கின்சன், மாடல் டி கார்களுக்கு விளம்பரம் தேடி இந்த யோசனையைக் கையில் எடுத்தார். ஊரறிய நடந்த முதல் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1912 ஜூலை 20, அதே கான்சாஸின் விச்சிட்டா நகர். நான்கு கார்கள், எட்டு ஆட்டக்காரர்கள், 5,000 பார்வையாளர்கள். ‘சிவப்புப் பிசாசுகள்’ ஓர் அணி, ‘சாம்பல் பேய்கள்’ இன்னோர் அணி. ஆடிய இடம் குதிரை மசால் விளைந்த வயல். குதிரைத் தீவன வயலில் குதிரையில்லாத போலோ!

ஆட்டம் எளிதுதான். அணிக்கு இரண்டு கார், காருக்கு இரண்டு பேர். ஓட்டுநர் பெல்ட்டால் இருக்கையோடு கட்டப்பட்டிருப்பார். மட்டைக்காரர் காரின் பக்கவாட்டில் ஒரு கையால் பிடித்துத் தொங்கியபடி, மறு கையிலுள்ள நீளச் சுத்தியல் போன்ற மட்டையால் பந்தை அடிக்க வேண்டும். கூட்டப் பேருந்தில் புட்போர்டு பயணம் செய்தவர்களுக்கு இவர் நிலைமை பாதி புரியும். பந்து, ஒரு கூடைப்பந்து. மைதானம் குறைந்தது 91 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். கோல் நாலரை மீட்டர் அகலம். கார்களிலிருந்து கூரை, கதவு, முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள்.

இந்தக் கார்கள் மணிக்கு 64 கிலோமீட்டர் வரை போயின. அந்த வேகத்தில் 91 மீட்டரைக் கடக்க ஐந்து நொடி போதும். ஆகவே முன்னால் போவது இங்கே பெரிய விஷயமே இல்லை. நிற்பதும் திரும்புவதும் பின்னால் வருவதும்தான் ஆட்டம். பழகிய போலோ குதிரை பந்தைப் பார்த்துத் தானே திரும்பும். காருக்கு ஏது கண்?

மாடல் டி கைகொடுத்தது இங்கேதான். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் கியர் மாற்றுவதென்றால் சுற்றிக்கொண்டிருக்கும் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று நகர்த்திக் கோப்பது. வேகம் பொருந்தாவிட்டால் நறநறவென்று பற்கள் அரைபடும். மாடல் டியில் அந்த வேலையே கிடையாது. அதன் பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் மூன்று பற்சக்கரக் கொத்துகள் பொருத்தப்பட்டு அதோடு சேர்ந்து சுற்றும். பக்கத்தில் மூன்று உருளைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பட்டை. பருத்தித் துணி உள்ளுறை போட்ட அந்தப் பட்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். எந்த உருளையைப் பட்டை இறுக்கிப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்துக் கார் மெதுவாக முன்னே போகும், அல்லது பின்னே வரும், அல்லது நிற்கும். பட்டையை இறுக்கும் வேலை கால் மிதிகளுக்கு.

மிதிகள் மூன்று. இடது மிதியை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதி அழுத்தினால் நடுநிலை, காலை எடுத்துவிட்டால் வேக கியர். நடு மிதி, பின்னோக்கி. வலது மிதி, பிரேக். ஆக்சிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிறு நெம்பாக இருக்கும். இன்றைய கார் ஓட்டுபவரை அதில் உட்கார வைத்தால் முதல் நிமிடமே சுவரில் மோதிவிடுவார்.

இதில் ஒரு வசதி உண்டு. ஓட்டுநரின் இடப்பக்கம் நிற்கும் பெரிய கைநெம்பை (ஆக்சிலரேட்டர் நெம்பு அல்ல, இது வேறு) நடுநிலையில் நிறுத்திவிட்டால் இடது காலை அழுத்த முன்னால், வலது காலால் நடு மிதியை அழுத்தப் பின்னால். தையல் மெஷின் மிதிப்பதுபோல் மாற்றி மாற்றி அழுத்தி, பந்தைச் சுற்றி முன்னும் பின்னும் ஆடலாம். கார் இன்னும் முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே பின்னோக்கி மிதியை அழுத்தினாலும் பல் உடையாது, பட்டை வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். ஸ்டியரிங்கும் துடிப்பானது. நான்குக்கு ஒன்று என்ற விகிதம், கையைக் கொஞ்சம் அசைத்தாலே முன் சக்கரம் நன்றாகத் திரும்பிவிடும். விளையாட்டுக்கென்று யாரும் இதை வடிவமைக்கவில்லை. கியர் மாற்றத் தெரியாத விவசாயிக்காக ஃபோர்டு செய்த ஏற்பாடு அது.

சரி, நிறுத்துவது? பிரேக் மிதி பிடிப்பது கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஓர் உருளையை. அதன் விளைவு பின் சக்கரங்களுக்கு மட்டுமே போகும். முன் சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. மண் தரையில், முழு வேகத்தில் இருந்து நிற்க என் கணக்குப்படி 50 மீட்டருக்கு மேல் வேண்டும். மைதானத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். ஆகவே யாரும் நிறுத்தப் பார்ப்பதில்லை, திருப்பத்தான் பார்ப்பார்கள்.

இனி திருப்பத்துக்கு வருவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால், காரை உள்பக்கமாக இழுக்க அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும். புழுதித் தரையில் டயர் தரக்கூடிய பிடி அதில் பாதிதான் தேறும். அதனால் கார் திரும்பாமல் பக்கவாட்டில் வழுக்கும். வழுக்குவது நல்லது. வழுக்கும் கார் கவிழாது. ஆனால் வழுக்கிக்கொண்டே போகிற சக்கரம் ஒரு வரப்பிலோ, முன்னால் போன கார் தோண்டிவிட்ட பள்ளத்திலோ தட்டி நின்றுவிட்டால் கதை மாறிவிடும். கீழே சக்கரம் நிற்க, மேலே உடல் அதே வேகத்தில் போகப் பார்க்கும். படிக்கட்டில் கால் தடுக்கியவர் முன்னால் குப்புற விழுவாரே, அதே சமாச்சாரம். மாடல் டி உயரமான வண்டி. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 142 சென்டிமீட்டர்தான். போதாததற்கு ஒரு பக்கம் மட்டும் ஓர் ஆள் வேறு தொங்குகிறார். அவர் இருக்கும் பக்கமாகத் திரும்பினால் அவருடைய எடை காரை அழுத்திப் பிடிக்கும், எதிர்ப்பக்கம் திரும்பினால் கவிழ்க்கத் துணை போகும். பின்னாளில் கார்களுக்கு மேலே இரும்பு வளையங்கள் வைத்தார்கள். கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் இருப்பதற்கு.

இப்போது அந்த 1,564க்கு வருவோம். மாடல் டியின் சக்கரம் மரச் சக்கரம். ஹிக்கரி மரத்தில் 12 ஆரக்கால்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கவனித்திருந்தால் தெரியும், ஆரக்கால் மேலிருந்து வரும் பாரத்தை அநாயாசமாகத் தாங்கும். மரத்தின் இழை ஓடுவதும் அந்தத் திசையில்தான். பக்கவாட்டில் ஒரு இடி வந்தால் ஆரக்கால் வளையத் தொடங்கும். அந்தச் சுமை முழுவதும் சக்கரத்தின் நடுக் குடத்தில் செருகிய ஒடுங்கிய அடியில் போய்க் குவியும். அங்கேதான் முறியும். பக்கவாட்டு வழுக்கல், பள்ளத்தில் தட்டல், எதிரி கார் விலாவில் இடித்தல் என்று இந்த ஆட்டம் கொடுக்கிற அத்தனை அடியும் சக்கரத்துக்குப் பிடிக்காத திசையிலிருந்தே வருகிறது.

சக்கரம் முறிவதில் ஒரு நன்மையும் இருந்தது என்பேன். வீட்டில் மின்சாரம் எகிறினால் ஃபியூஸ் போய் டிவியைக் காப்பாற்றுகிறது அல்லவா? இங்கே ஃபியூஸ், ஆரக்கால். மோதலின் விசை மரத்தை முறிப்பதில் செலவாகிவிட, வனேடியம் கலந்த எஃகு அச்சுக்கு மிச்சம்தான் போய்ச் சேரும். இன்ஜினுக்கு அதிலும் மிச்சம். உடைந்ததைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் அடுத்த ஆட்டத்துக்குக் கார் தயார்.

மட்டையிலும் இப்படியொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதன் தலை மட்டும் மூன்று பவுண்டு, அதாவது 1.36 கிலோ. எதற்கு இவ்வளவு கனம்? கூடைப்பந்து அரைக்கிலோவுக்குச் சற்று மேல், காற்றடைத்தது, நன்றாகத் துள்ளும். மட்டைத் தலை சுமார் 400 கிராமுக்குக் கீழே இருந்தால், வேகமாக மோதும்போது பந்து முன்னே போகும், மட்டை திரும்பி அடித்தவர் மூஞ்சிக்கே வரும். 1.36 கிலோ என்றால் மோதிய பிறகும் ஏறக்குறைய பாதி வேகத்தோடு முன்னோக்கியே நகரும். ஒற்றைக் கையில் தொங்குகிற ஆளுக்கு இது உயிர் விஷயம்.

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வரை போன இந்த ஆட்டம் 1920களின் கடைசியில் மங்கியது. செலவு கட்டுப்படியாகவில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1927இல் மாடல் டி உற்பத்தியும் நின்றது. அடுத்து வந்த மாடல் ஏயில் பற்களை நகர்த்திக் கோக்கிற கியர், கம்பிச் சக்கரம். தையல் மெஷின் மிதியும் மர ஃபியூஸும் சேர்ந்தே போய்விட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆட்டோ போலோ சிறிது காலம் தலைகாட்டியதோடு சரி. ஹேங்கின்சன் அதற்குள் கார் பந்தயங்கள் நடத்தப் போய்விட்டார்.

அந்த ஆட்டத்தில் என் மனக்கண்ணில் அடிக்கடி வந்து நிற்கும் காட்சி, கார் கவிழ்வதல்ல. கவிழ்ந்த கார் நிமிர்ந்த பிறகு நடப்பது. பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில், பம்ப் கிடையாது, தானாக வழிந்தே கார்புரேட்டருக்கு வர வேண்டும். தலைகீழானதும் இன்ஜின் அணைந்திருக்கும். மாடல் டிக்கு மின் ஸ்டார்ட்டர் வந்தது 1919இல்தான். ஆகவே அதுவரை ஒருவர் இறங்கி, கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்ப, புழுதி படிந்த ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து நிற்க வேண்டும். இன்ஜினில் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் நெம்பை மறக்காமல் மேலே தள்ளியாயிற்றா என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு வெட்டு இழுப்பு. பிடிக்கவில்லை. இன்னொன்று. முதுகுக்குப் பின்னால் மூன்று கார்கள் பந்தைத் துரத்திக்கொண்டு அவர் பக்கமாக வந்துகொண்டிருக்கின்றன.